புறவழிச்சாலையும் சிற்றூர்களும்: பாலாநகர் தரும் பாடம்

சாலை ஊரை வளர்க்கிறது. வளர்ந்த ஊர் சாலையை அடைத்துவிடுகிறது. இரு பெருநகரங்களை இணைக்கும் நெடுஞ்சாலை ஒரு சிற்றூரின் நடுவே செல்லும்பொழுது, அதன் இருமருங்கிலும் கடைகள் தோன்றுகின்றன, சந்தை கூடுகிறது, பேருந்துகள் நிற்கின்றன, பள்ளியும் மருத்துவமனையும் அமைகின்றன. இந்த வளர்ச்சியே சில ஆண்டுகளில் நெடுந்தொலைவுப் பயணத்துக்கு இடையூறாகிவிடுகிறது. அப்பொழுது ஊரைச் சுற்றிச் செல்லும் புறவழிச்சாலை வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது.

புறவழிச்சாலை ஊர்திகளுக்கு நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சுற்றிச் செல்லும் ஊருக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சாலை எந்தக் கட்டத்தில் போடப்படுகிறது, அதற்கான நிலம் எவ்வாறு பெறப்படுகிறது, புதிய சாலைக்கும் பழைய ஊருக்கும் என்ன தொடர்பு வைக்கப்படுகிறது ஆகிய மூன்றையும் பொறுத்தே விடை அமையும். ஐதராபாத் நகரின் பாலாநகர்ப் பகுதி இந்த மூன்றையும் ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இரு நெடுஞ்சாலைகளுக்கு இடையே

பாலாநகர் ஐதராபாத்தின் வடமேற்கில், இன்றைய மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தில் அமைந்துள்ளது. அதன் வரலாற்றை உருவாக்கியது அதன் இருப்பிடமே. கிழக்கே போயின்பள்ளியிலிருந்து நாகபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், மேற்கே மூசாபேட்டை, கூகட்பள்ளி வழியாக மும்பை திசையில் செல்லும் நெடுஞ்சாலையும் இதன் இருபுறமும் உள்ளன. முன்பு இவை முறையே 7, 9 என்ற எண்களைத் தாங்கியிருந்தன. 2010 ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலுக்குப் பின் 44, 65 என்று வழங்குகின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் சாலை பாலாநகர் வழியே செல்கிறது. வடக்கே நர்சாபூர், மேதக் ஊர்களுக்குச் செல்லும் சாலையும் தெற்கே பதேநகர்ச் சாலையும் இங்கேயே பிரிகின்றன. நான்கும் கூடும் இடம் நர்சாபூர் நாற்சந்தி எனப்படுகிறது.

இத்தகைய இடத்தைத் தொழில் தேடி வந்ததில் வியப்பில்லை. 1960-களில் பொதுத்துறையைச் சேர்ந்த இந்திய மருந்து நிறுவனம் (ஐ.டி.பி.எல்.) சோவியத் உதவியுடன் செயற்கை மருந்து ஆலையை இங்கு நிறுவியது. 1965-இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் மின்னணுக் கருவிப் பிரிவு தோன்றியது. 1968-இல் மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் லேத் பட்டறைகளும், வார்ப்படக் கூடங்களும், பழுதுபார்க்கும் நிலையங்களும் அவற்றைச் சூழ்ந்தன. அண்மையிலுள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டையும் வளர்ந்தது. மருந்து ஆலையில் உற்பத்தி பின்னாளில் நின்றுபோயிற்று. எனினும் சிறுதொழில்கள் நிலைத்தன, குடியிருப்புகள் பெருகின.

இவ்வாறு ஒரே சாலையின் மீது இரண்டு சுமைகள் ஏறின. ஒன்று, ஒரு நெடுஞ்சாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்லும் லாரிகளின் சுமை. மற்றொன்று, பாலாநகருக்கே வரும் தொழிலாளர்கள், மூலப்பொருள்கள், பேருந்துகள் ஆகியவற்றின் சுமை. சாலையில் நிற்பவருக்கு இவை ஒரே நெரிசலாகத் தெரியும். திட்டமிடுவோர் இவற்றைப் பிரித்தறியாவிட்டால் தீர்வு தவறிவிடும்.

கடந்து செல்வதும் வந்து சேர்வதும்

ஓர் ஊரின் சாலையிலுள்ள ஊர்திகள் இருவகைப்படும். ஊரில் எந்த வேலையுமின்றி அதைக் கடந்து செல்பவை முதல் வகை. ஊரிலிருந்து புறப்படுபவையும் ஊருக்கு வந்து சேர்பவையும் இரண்டாம் வகை. புறவழிச்சாலை முதல் வகையை மட்டுமே அகற்றும். இரண்டாம் வகையை எந்தப் புறவழிச்சாலையாலும் அகற்ற இயலாது.

இவ்விரண்டின் அளவைக் கண்டறிய, ஊரின் எல்லைகளில் ஊர்திகளை நிறுத்தி, எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்று கேட்டுக் குறிக்கும் ஆய்வு நடத்தப்படுகிறது. வெறும் எண்ணிக்கை போதாது. ஒவ்வொரு வகை ஊர்தியும் சாலையில் கொள்ளும் இடத்தைக் கருத்தில் கொண்டு அனைத்தையும் கார் அலகுகளாக மாற்றிக் கணக்கிடுவர். இந்தியச் சாலைப் பேரவையின் அளவீட்டின்படி ஒரு லாரி அல்லது பேருந்து 3 கார்களுக்கும், ஒரு மாட்டுவண்டி 8 கார்களுக்கும், ஒரு சைக்கிள் அரைக் காருக்கும் சமமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே கடந்து செல்லும் லாரிகளின் எண்ணிக்கை குறைவாயினும் அவை அடைத்துக்கொள்ளும் இடம் பெரிது.

பொதுவாக ஊர் சிறியதாக இருக்கும்பொழுது கடந்து செல்லும் போக்குவரத்தின் விகிதம் கூடுதலாகவும், ஊர் வளர வளர அவ்விகிதம் குறைந்தும் காணப்படும். இதைக் கற்பனையான எண்களால் விளக்கலாம். ஒரு சிற்றூரின் முதன்மைச் சாலையில் நாளொன்றுக்கு 10,000 கார் அலகுகள் செல்வதாகவும், அவற்றுள் 7,000 கடந்து செல்பவை எனவும் கொள்வோம். ஒரு பெரிய நகர்ப்பகுதியில் நாளொன்றுக்கு 60,000 அலகுகள் செல்வதாகவும், அவற்றுள் 9,000 மட்டுமே கடந்து செல்பவை எனவும் கொள்வோம். இரண்டுக்கும் புறவழிச்சாலை போடப்படுகிறது. கடந்து செல்பவை முழுவதும் புதிய சாலைக்கு மாறிவிட்டால் சிற்றூரின் சுமை நூற்றுக்கு 70 குறையும். நகரப் பகுதியின் சுமை நூற்றுக்கு 15 மட்டுமே குறையும்.

இதற்கடுத்த கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. உள்ளூர்ப் போக்குவரத்து ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்வதாக வைத்துக்கொண்டால், நகரப் பகுதியில் கிடைத்த நிவாரணம் மூன்று ஆண்டுகளைச் சிறிது கடந்ததும் மறைந்து, பழைய நெரிசல் திரும்பிவிடும். சிற்றூரிலோ அதே நிலை திரும்புவதற்குச் சுமார் 25 ஆண்டுகள் ஆகும். ஒரே வகையான சாலை. ஒரே வகையான செலவு. பயன் நிலைக்கும் காலம் மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது. புறவழிச்சாலை ஊர் சிறியதாக இருக்கும்பொழுதே போடப்பட வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

வெளிவட்டச் சாலை

ஐதராபாத்தில் இத்தகைய பெருமுயற்சி நேரு வெளிவட்டச் சாலையாக உருவெடுத்தது. நகரைச் சுற்றி 158 கி.மீ. நீளமுள்ள இச்சாலை எட்டு தடங்கள் கொண்டது. குறிப்பிட்ட சந்திப்புகளில் அன்றி வேறெங்கும் ஏறவோ இறங்கவோ முடியாதபடி வேலியிடப்பட்டது. கச்சிபௌலிக்கும் சம்சாபாத்துக்கும் இடைப்பட்ட முதற்பகுதி, சம்சாபாத் விமான நிலையம் திறக்கப்பெற்ற 2008 ஆம் ஆண்டிலேயே பயனுக்கு வந்தது. பிற பகுதிகளுள் சில, தனியார் கட்டி அரசு ஆண்டுத்தொகையாகத் திருப்பித் தரும் முறையிலும், சில ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியிலும் கட்டப்பட்டன. 2018-இல் வட்டம் முழுமை பெற்றது. இடையில் 2014-இல் மாநிலம் பிரிந்து தெலங்கானா உருவாயிற்று. திட்டம் தடையின்றித் தொடர்ந்தது.

இச்சாலையால் கிடைத்த நன்மை தெளிவானது. நாகபுரியிலிருந்து வரும் லாரி, மேட்சலை அடுத்த கண்ட்லகோயாவில் வெளிவட்டச் சாலையில் ஏறி, படான்செருவுக்கு அருகே இறங்கி மும்பை நெடுஞ்சாலையை அடையலாம். விஜயவாடா திசையில் செல்வது பெத்த அம்பர்பேட்டையிலும், பெங்களூர் திசையில் செல்வது சம்சாபாத்திலும் இறங்கலாம். பாலாநகரின் நாற்சந்தியைத் தொடவேண்டிய தேவை அதற்கு இல்லை.

எனினும் பாலாநகரின் நெரிசல் தீரவில்லை. 2017-இல் அதே நாற்சந்தியின் மேலே ஒரு மேம்பாலம் கட்டும் பணி தொடங்கப்பெற்று, 2021 ஜூலையில் அது திறக்கப்பெற்றது. பாபு ஜகஜீவன்ராம் பெயர் தாங்கிய அப்பாலம் 1.13 கி.மீ. நீளமும் ஆறு தடங்களும் உடையது. வெளிவட்டச் சாலை நிறைவுற்ற அதே காலத்தில் நகரின் உள்ளே இன்னொரு பாலம் ஏன் தேவைப்பட்டது?

மேம்பாலம் ஏன் தேவைப்பட்டது?

மேலே கண்ட கணக்கே இதற்கு விடையாகும். பாலாநகர் கடந்து செல்லப்படும் ஊர் என்ற நிலையிலிருந்து வந்து சேரப்படும் ஊர் என்ற நிலைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பட்டறைக்கு இரும்புக் கம்பி ஏற்றிவரும் சிறு லாரி, வார்ப்படங்களைச் சுமந்து செல்லும் ஆட்டோ, வேலைக்கு வரும் தொழிலாளியின் இருசக்கர ஊர்தி ஆகியவற்றுக்கு 158 கி.மீ. வட்டத்தால் பயனில்லை. மேலும் வெளிவட்டச் சாலையின் முதன்மைத் தடங்களில் இருசக்கர ஊர்திகளுக்கும் பாதசாரிகளுக்கும் அனுமதி இல்லை. விரைவுச்சாலையின் பாதுகாப்புக்கு இத்தடை தேவையே. ஆனால் பழைய சாலையை மிகுதியாகப் பயன்படுத்துவோர் எவரோ அவர்களே புதிய சாலையில் ஏற இயலாதவர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

இரண்டாவதாக, மேம்பாலத்துக்கு ஆன செலவின் அமைப்பு ஆராயத்தக்கது. மொத்தச் செலவான சுமார் 387 கோடி ரூபாயில் பெரும்பகுதி, பாலம் கட்டுவதற்கன்று. நிலமும் கட்டடங்களும் கையகப்படுத்துவதற்கே சென்றது. ஊர் நெருக்கமாக வளர்ந்த பின் ஒவ்வோர் அடி நிலத்தின் மீதும் ஒரு கடையோ வீடோ இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கிறது. சாலைக்கான நிலத்தை உரிய காலத்தில் ஒதுக்கி வைக்காத ஊர், பின்னர் அதைப் பன்மடங்கு விலை கொடுத்தும் பலருடைய வாழ்வைக் குலைத்தும் பெறவேண்டி வருகிறது.

மூன்றாவதாக, வந்து சேரும் போக்குவரத்தைக் குறைக்கும் வழி வேறு. அது பேருந்து, ரயில் முதலிய பொதுப் போக்குவரத்தைச் சார்ந்தது. 2017 நவம்பரில் மியாப்பூர்–அமீர்பேட்டை மெட்ரோ ரயில் பகுதி திறக்கப்பட்டபொழுது பாலாநகர் பெயரிலும் ஒரு நிலையம் அமைந்தது. வளர்ந்துவிட்ட நகர்ப் பகுதிக்கு வட்டச் சாலையைவிட இத்தகைய நிலையங்களே உண்மையான மருந்தாகும்.

பிற நாடுகளும் இதே பாடத்தைக் கற்றுள்ளன. பிரிட்டனின் முதல் விரைவுச்சாலை 1958 டிசம்பரில் பிரஸ்டன் என்ற ஊரின் புறவழிச்சாலையாகவே திறக்கப்பட்டது. அந்நாட்டில் லண்டனைச் சுற்றும் 188 கி.மீ. நீள எம்.25 சாலை 1986-இல் நிறைவு பெற்றது. சில ஆண்டுகளுக்குள்ளேயே எதிர்பார்த்ததைவிட மிகுதியான ஊர்திகள் அதில் குவிந்தன. பெருநகரின் வட்டச் சாலை கடந்து செல்லும் ஊர்திகளை மட்டும் ஏற்பதில்லை. தன் ஓரத்தில் புதிய குடியிருப்புகளையும் அலுவலகங்களையும் வரவழைத்து, தனக்கென ஒரு புதிய போக்குவரத்தையும் உண்டாக்கிக்கொள்கிறது.

சிற்றூரின் இக்கட்டு

அவ்வாறாயின் சிற்றூர்களுக்கெல்லாம் உடனே புறவழிச்சாலை போட்டுவிடலாம் எனத் தோன்றும். இங்கேதான் ஓர் இக்கட்டு எழுகிறது. நெரிசலிலிருந்து மிகுந்த நிவாரணம் பெறும் சிற்றூரே, வணிகத்தில் மிகுந்த இழப்புக்கு ஆளாகும் ஊராகவும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அவ்வூரின் சாலையில் செல்வோரில் பெரும்பாலோர் வெளியூரார்.

தேநீர்க் கடை, உணவகம், பழக்கடை, பஞ்சர் ஒட்டும் கடை, பெட்ரோல் நிலையம் ஆகியவை வழிப்போக்கரை நம்பி வாழ்பவை. ஒருநாள் காலையில் சாலை திறக்கப்பட்டதும் அவர்கள் வருவது நின்றுவிடுகிறது. துணிக்கடை, நகைக்கடை, உர விற்பனை நிலையம் ஆகியவை சுற்றுவட்டாரக் கிராமத்தாரை நம்பியவை. நெரிசல் குறைந்ததும் இவற்றின் வணிகம் வளரவும் கூடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நடத்தப்பட்ட ஆய்வுகளின் பொதுவான முடிவும் இதுவே. சுற்றுவட்டாரத்துக்குச் சந்தையாக விளங்கும் ஊர் தாங்கிக்கொள்கிறது. வழிப்போக்கரை மட்டும் நம்பிய ஊர் தளர்கிறது.

அமெரிக்காவில் 1956 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி விரைவுச்சாலைகள் போடப்பட்டபொழுது பழைய 66 ஆம் எண் சாலையிலிருந்த பல சிற்றூர்கள் நலிந்தன. அரிசோனா மாநிலத்தின் வில்லியம்ஸ் என்ற ஊர் நீதிமன்றம் வரை சென்று போராடியது. முடிவில் அவ்வூருக்கு மூன்று இடங்களில் ஏறி இறங்கும் வழி அமைத்துத் தர அரசு இணங்கியது. 1984 அக்டோபரில் அங்கே புதிய சாலை திறக்கப்பட்டது. அவ்வூர் கேட்டது சாலையை நிறுத்துவதையன்று, அதனுடன் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையையே.

தமிழ்நாட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்ட பின், திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களைத் தொடாமலே நெடுந்தொலைவு ஊர்திகள் செல்கின்றன. ஊருக்குள் இருந்த சிற்றுண்டிச் சாலைகளுக்கு வந்த பயணிகளை, நெடுஞ்சாலையோரத்தில் பெரும் முதலீட்டுடன் தோன்றிய உணவகங்கள் ஈர்த்துக்கொண்டன. வணிகம் அழியவில்லை, சிறு முதல் உடையோர் கையிலிருந்து பெரு முதல் உடையோர் கைக்கு மாறியது. திட்டத்தின் மொத்தப் பலனைக் கணக்கிடும்பொழுது இம்மாற்றம் இழப்பாகத் தோன்றாது. ஏனெனில் ஒருவர் இழந்ததை மற்றொருவர் பெற்றுவிடுகிறார். இழந்தவர் யார் என்ற கேள்விக்கு அக்கணக்கில் இடமில்லை. அதை எழுப்ப வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

நிலம் கொடுத்தவரும் பயன் பெற்றவரும்

வணிகத்தைவிட ஆழமான பிரச்சினை நிலம் பற்றியது. ஐதராபாத் வெளிவட்டச் சாலைக்கு 150 மீட்டர் அகலத்தில் நிலம் தேவைப்பட்டது. 158 கி.மீ. நீளத்துக்கு இது, சந்திப்புகளுக்கான கூடுதல் நிலம் நீங்கலாக, சுமார் 24 சதுர கி.மீ. ஆகிறது. சாலையின் இருபுறமும் 1 கி.மீ. தொலைவு வரை உள்ள நிலம் வளர்ச்சிப் பகுதியாக 2008-இல் வகுக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 316 சதுர கி.மீ. ஆகும். ஒரு பங்கு நிலம் சாலைக்காகக் கொடுக்கப்பட, பதின்மூன்று பங்கு நிலம் அச்சாலையால் மதிப்பு உயர்ந்தது எனலாம்.

இந்த விகிதத்தில்தான் நீதிப் பிரச்சினை அடங்கியுள்ளது. அடுத்தடுத்து இரண்டு ஏக்கர் வீதம் உழுதுவந்த இரு விவசாயிகளை எண்ணிப் பார்க்கலாம். ஒருவருடைய நிலம் சாலைக்குள் விழுகிறது. அவர் இழப்பீடு பெற்று விலகுகிறார். மற்றவருடைய நிலம் சாலைக்கு வெளியே நிற்கிறது. அவர் எந்த முயற்சியுமின்றிச் செல்வராகிறார். முன்னவர் தம் இழப்பீட்டைக் கொண்டு அதே பகுதியில் அரை ஏக்கரும் வாங்க இயலாத நிலை ஏற்படுவதுண்டு. அவருடைய மனக்குறை பணம் கிடைக்கவில்லை என்பதன்று. தம் நிலத்தால் உண்டான வளத்தில் தமக்குப் பங்கில்லை என்பதே அவர் குறை.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்துள்ளது. 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013 ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை இடத்துக்கேற்ப ஒன்று முதல் இரண்டு வரையான எண்ணால் பெருக்கி, அதற்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகவும் சேர்த்துத் தர வகை செய்கிறது. ஏக்கருக்கு 10 லட்சம் ரூபாய் மதிப்பும் இரண்டு என்ற பெருக்கெண்ணும் உடைய நிலத்துக்கு இம்முறையில் 40 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்த இழப்பீட்டு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. ஆயினும் அடிப்படை மதிப்பு, பெரும்பாலும் பதிவான பத்திரங்களிலிருந்தே கணிக்கப்படுகிறது. பத்திரங்களில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் உள்ளவரை கணக்கின் முதற்படியே குறைபாடுடையதாக இருக்கும்.

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே உண்டு. அகமதாபாத்தைச் சுற்றி அமைந்த 76 கி.மீ. நீள சர்தார் படேல் வட்டச் சாலைக்கான நிலத்தில் பெரும்பகுதி, கட்டாயக் கையகப்படுத்தலின்றி, உரிமையாளர்களின் இசைவுடனும் நகரமைப்புத் திட்டங்களின் வாயிலாகவும் பெறப்பட்டது. இம்முறையில் ஒரு வட்டாரத்தின் நிலங்கள் அனைத்தும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. சாலைக்கும் பொதுத் தேவைகளுக்கும் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது. எஞ்சியது சீரமைத்த மனைகளாக எல்லா உரிமையாளர்களுக்கும் திருப்பித் தரப்படுகிறது. ஒவ்வொருவரும் சிறிதளவு இழக்கின்றனர். ஒவ்வொருவரும் மதிப்பு உயர்ந்த நிலத்தைப் பெறுகின்றனர். ஒருவர் முழுதும் இழக்க மற்றவர் முழுதும் பெறும் நிலை இதில் இல்லை. இதற்கு நிலப் பதிவேடுகள் திருத்தமாக இருப்பதும், மக்களிடம் பேசும் பொறுமை அலுவலர்களுக்கு இருப்பதும் தேவை.

பழைய சாலையும் இணைப்புச் சாலையும்

புதிய சாலை திறக்கப்பட்டதும் பழைய சாலையை அனைவரும் மறந்துவிடுகின்றனர். நெடுஞ்சாலைத் துறை அதை ஒருமுறை செப்பனிட்டு மாநிலத்திடம் ஒப்படைக்கிறது. பின்னர் அதன் பராமரிப்பு உள்ளாட்சியின் சுமையாகிறது. லாரிகள் நீங்கிய அச்சாலை, நடைபாதைகளும் மரங்களும் பேருந்து நிறுத்தங்களும் கொண்ட கடைத்தெருவாக மாறியிருக்கலாம். நிதியின்றி, குழிகள் நிறைந்ததாக அது விடப்பட்டால் புறவழிச்சாலையால் ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் நன்மையே கைநழுவுகிறது.

புதிய சாலையின் கரையும் கவனிப்புக்கு உரியது. உயர்ந்த மண்கரை வயலை இரண்டாக வெட்டுகிறது. ஒருபுறம் வீடும் மறுபுறம் நிலமும் உள்ள விவசாயி, மாட்டை ஓட்டிச் செல்லச் சுரங்கப்பாதை எங்கே உள்ளது என்று தேடுகிறார். தெலங்கானா, தமிழ்நாடு போன்ற ஏரிப்பாசன நிலப்பரப்புகளில் இக்கரை, ஏரிக்கு வரும் நீரையும் மறிக்கக்கூடும். மதகுகளும் சிறுபாலங்களும் போதிய அளவில் இல்லையெனில் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியும் விளையும். வரைபடத்தில் சாலைக்கோடு வரையும்பொழுதே நீரோடும் வழிகளையும் மக்கள் நடக்கும் வழிகளையும் குறித்தல் வேண்டும்.

சாலையால் வரும் வருவாயும் சிந்தனைக்குரியது. ஐதராபாத் வெளிவட்டச் சாலையில் 30 ஆண்டுகள் சுங்கக் கட்டணம் வசூலிக்கும் உரிமை 2023-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 7,380 கோடி ரூபாய்க்கு அளிக்கப்பட்டது. ஒரு சாலை இவ்வளவு பெருந்தொகையை ஈட்டவல்லது எனில், அதன் ஓரத்திலுள்ள ஊர்களின் இணைப்புச் சாலைகளுக்கும் பழைய கடைத்தெருக்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்குவது இயலாததன்று.

அடுத்த வட்டம்

இப்பாடங்கள் வெறும் வரலாறு அல்ல. வெளிவட்டச் சாலைக்கு அப்பால், ஐதராபாத்தைச் சுற்றிச் சுமார் 340 கி.மீ. நீளத்துக்கு வட்டார வட்டச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. அதன் வடபகுதி சங்காரெட்டியிலிருந்து நர்சாபூர், தூப்ரான், கஜ்வேல், புவனகிரி வழியாகச் சௌட்டுப்பல் வரையிலும், தென்பகுதி சௌட்டுப்பலிலிருந்து ஷாத்நகர், சேவெள்ளா வழியாக மீண்டும் சங்காரெட்டி வரையிலும் செல்வதாக வகுக்கப்பட்டது. நில எடுப்பு தொடங்கியபொழுது, வழியிலுள்ள கிராமங்கள் பலவற்றில் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

பாலாநகரிலிருந்து வடக்கே செல்லும் அதே சாலைதான் நர்சாபூரை அடைகிறது. பாலாநகர் 1960-களில் இருந்த நிலையோடு இன்றைய நர்சாபூரையும் கஜ்வேலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவை இன்னும் சிற்றூர்கள். இவற்றின் சாலையோரங்கள் முழுதும் அடைபடவில்லை. நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குச் செல்லவில்லை. பாலாநகருக்கு மேம்பாலம் கட்டச் செலவான தொகையில் ஒரு பகுதியைக் கொண்டே இவ்வூர்களுக்கு எதிர்காலச் சாலை, சந்தை, பேருந்து நிலையம், லாரி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குரிய நிலத்தை இப்பொழுதே ஒதுக்கிவைக்க இயலும். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே நிலம் கிடைக்காது. கிடைத்தாலும் அதன் மேல் பிறருடைய வீடுகள் இருக்கும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். முதலாவது, புறவழிச்சாலைக்கு ஒப்புதல் தருமுன், கடந்து செல்லும் போக்குவரத்தின் விகிதத்தை ஆய்ந்தறிதல் வேண்டும். அவ்விகிதம் குறைவாயின், பொதுப் போக்குவரத்தும் உட்சாலைச் சீரமைப்புமே முதலிடம் பெறத் தக்கவை.

இரண்டாவது, விகிதம் மிகுந்த சிற்றூர்களில் சாலை உடனே போடப்படாவிடினும், அதற்கான வழியை வரைபடத்தில் குறித்து அங்கே கட்டடம் எழாமல் காத்தல் வேண்டும். அவ்வாறு குறித்து வைப்பது உரிமையாளரைக் காலவரையின்றிக் கட்டிப்போடுவதாகவும் அமைதல் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குள் நிலத்தைப் பெறுதல் அல்லது விடுவித்தல் வேண்டும்.

மூன்றாவது, சாலையின் சந்திப்பு ஊரிலிருந்து எளிதில் எட்டும் தொலைவில் அமைந்து, நல்ல இணைப்புச் சாலையும் பெறுதல் வேண்டும். நெடுஞ்சாலையோர ஓய்விடங்களில் உள்ளூர்ச் சிறு வணிகர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் கடைகள் ஒதுக்கப்படுதல் வேண்டும். சாலை திறக்கப்படும் நாளை முன்கூட்டியே அறிவித்து, வழிப்போக்கரை நம்பிய கடைக்காரர்கள் இடம் மாறவோ தொழில் மாறவோ அவகாசமும் கடனுதவியும் தருதல் வேண்டும்.

நான்காவது, நிலம் கொடுப்போர் வளர்ச்சியிலும் பங்கு பெறும் நிலச்சேர்ப்பு முறையை, பதிவேடுகள் இடந்தரும் இடங்களிலெல்லாம் முதல் வழியாகக் கொள்ளுதல் வேண்டும். ஐந்தாவது, பழைய சாலையின் சீரமைப்பைத் திட்ட மதிப்பீட்டின் ஒரு பகுதியாகவே சேர்த்தல் வேண்டும். சாலை முடிந்த பின் எஞ்சும் நிதியில் பார்த்துக்கொள்ளலாம் என விடுதல் கூடாது.

இந்நெறிகள் எதுவும் பெரிய கண்டுபிடிப்பன்று. இவற்றை நிறைவேற்றப் பெருந்தொகையும் தேவையில்லை. தேவைப்படுவது காலமறிந்து செய்தலே. பாலாநகர் சிற்றூராக இருந்தபொழுது அதன் நாற்சந்தியைச் சுற்றி நிலம் இருந்தது. போக்குவரத்து நெரிசல் இல்லாததால் அதைப் பற்றி எண்ணத் தேவை எழவில்லை. நெரிசல் வந்து எண்ணத் தொடங்கியபொழுது நிலம் இல்லை. இன்று நாடெங்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் நிலமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. அவ்விரண்டும் ஒருசேர நெடுநாள் காத்திருப்பதில்லை.